தொண்ணூறு மில்லிலிட்டர்

எட்மண்டனில் ஜூலைச் சூரியன்
பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாத குமாஸ்தா.
இரவு ஒன்பதே கால். இன்னும் வெளிச்சம்.

மூவாயிரம் மீட்டர் தடை ஓட்டத்தில்
ஏழாவதாக வந்தவளிடம் தாளை நீட்டுகிறேன்:
மோர்வென் டல்க்ளீஷ், பிரிட்டன்.
குலுக்கலில் ஏழு விழுந்திருந்தது.
"ஜெயித்தவளைப் பிடியுங்களேன்" என்கிறாள்
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில்.
அவளையும் பிடித்தாயிற்று, என்கிறேன்.

இந்த நொடியிலிருந்து
அவள் என் கண்ணைவிட்டு அகலக்கூடாது.
விதி.
மஞ்சள் சட்டை போட்ட தன்னார்வ நிழல் நான்.
மற்ற நாட்களில் மருத்துவமனை ஆய்வகத்தில்
முகமில்லாத குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுகிறவள்.
இங்கே குப்பிக்கு முன்னால் முகம் வந்துவிடுகிறது.

நீர்க்குழியில் நனைந்த அவள் காலணி
சளக், சளக்கென்று
நடைவழி முழுக்கக் கையெழுத்துப் போட்டது.

வென்றவள் பத்து நிமிடத்தில் முடித்து
பூங்கொத்தோடு போய்விட்டாள்.
மோர்வென்னுக்கு வரவில்லை.
உடம்பிலிருந்த தண்ணீரையெல்லாம் ஓடுபாதை குடித்துவிட்டது.
மூடி திறக்காத பாட்டில்களில் மூன்றைத் தானே தேர்ந்து
தானே திறந்து குடித்தாள்.
குழாயைத் திறந்துவிடச் சொன்னாள்.
சுவரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தேன்.
உண்மையிலேயே சுவரைப் பார்த்தால் வேலை போய்விடும்.
சம்பளமில்லாத வேலைதான்.
ஆனாலும்.

முதல் முறை, நாற்பது.
ஐம்பது குறைகிறது.

காத்திருக்கும் நேரத்தில் கணுக்காலைக் காட்டினாள்.
உள்ளே இரண்டு திருகாணிகள்,
பனிக்காலத்தில் அவைதான் முதலில் விழிக்குமாம்.
பதின்மூன்று வருடம்.
இரண்டு ஒலிம்பிக், இரண்டிலும் தகுதிச் சுற்றோடு சரி.
ஒன்பது நிமிடம் இருபத்தொரு நொடி:
தன் சிறந்த நேரத்தை அவள் சொன்ன விதம்
பிள்ளை பிறந்தபோது இருந்த எடையைச் சொல்வதுபோல.

அப்புறம் ஒரு ஐரோப்பிய வெண்கலம்.
ஓடிய அன்று அவள் நான்காவது.
நான்கு வருடம் கழித்து
யாருடைய பழைய குப்பியையோ மறுபடி திறந்தார்கள்.
பதக்கம் கூரியரில் மதர்வெல்லுக்கு வந்தது.
வீட்டில் ஆளில்லை.
எதிர்க்கடை மீன்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி
சாயங்காலம்வரை
தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.
மேடை இல்லை. கொடி ஏறவில்லை.
ராத்திரி, யாரும் பார்க்காதபோது,
சமையலறை நாற்காலிமேல் ஏறி நின்றாளாம்
ஒரு நிமிடம்.
பிறகு இறங்கி உருளைக்கிழங்கு உரித்தாளாம்.

"அந்தப் பெண்ணும் இப்படி ஓர் அறையில்
குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.
அவளோடும் உங்களைப்போல் ஒருத்தி.
என் வெண்கலத்தில் பாதி அந்த ஒருத்திக்குத்தான்."
சொல்லிவிட்டு நாலாவது பாட்டிலைத் திறந்தாள்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.
நாற்காலி உறுதியானதா என்று கேட்டேன்.
சிரித்தாள்.
சிரிப்பு எங்கேயோ எதையோ தளர்த்தியிருக்க வேண்டும்,
சட்டென்று எழுந்து, "வா, வா, வா" என்றாள்,
கடைசிச் சுற்று மணி அடித்ததுபோல.

நாற்பதும் ஐம்பத்திரண்டும் தொண்ணூற்றிரண்டு.
இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினாள்.
இன்றைக்கு ஓட்டத்தின் முடிவில்கூட
அவை இடுப்புக்கு மேலே போகவில்லை.

முத்திரையிட்டோம். எண்ணை உரக்க வாசித்தாள்,
ஒவ்வோர் இலக்கமாக, ஸ்காட்லாந்து உச்சரிப்பில்.
மணி பத்து நாற்பத்தேழு.
நடைமுறை பற்றி வீரர் சொல்ல விரும்புவது
என்ற கட்டத்தில் எழுதினாள்:
நீர்க்குழியில் தண்ணீர் ஐஸ். மற்றபடி புகார் இல்லை.

அடுத்த பந்தயம் எங்கே, என்று கேட்டேன்.
சட்டையில் மிச்சமிருந்த ஊக்குகளை
ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.
நான்கு.
வெறுங்காலோடு பேருந்துக்குப் போனாள்.

காலணி இங்கேயே கிடக்கிறது,
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, இன்னும் சொட்டிக்கொண்டு.
மறந்தாளா, விட்டாளா என்பதற்கு
என் படிவத்தில் கட்டமில்லை.